பொம்பளை சீக்கு: ஒரு சொல்லும் ஒரு தடுப்பூசியும்

உடலுறவு வழியாகத் தொற்றும் நோய்களுக்குப் பேச்சுத் தமிழில் நெடுநாளாக வழங்கிவரும் பெயர் 'பொம்பளை சீக்கு'. பெண்ணுக்கு வரும் நோய் என்பதல்ல இதன் பொருள். பெண்ணிடமிருந்து ஆணுக்கு வரும் நோய். நோயாளி ஆண், நோயின் ஊற்று பெண் என்கிற முழுக் கதையாடலும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. எழுத்துத் தமிழ் கொஞ்சம் நாசூக்காக 'பால்வினை நோய்' என்றது. ஆனால் வினை என்பது நம்மிடம் வெறும் செயலாக நிற்பதில்லை; செய்ததை அனுபவி என்கிற தண்டனையையும் கூடவே இழுத்து வருகிறது. நான் மருத்துவம் படித்தவனல்ல, தமிழ் படித்தவன். எனவே சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தக் கதையாடலைத் தலைகீழாக்கும் கிருமி ஒன்று உண்டு. மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. உடலுறவு கொள்ளும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றுகிறது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கினால் 15, 20 ஆண்டுகள் கழித்துக் கர்ப்பப்பை வாய்ப் புற்றாக முடியலாம். இந்த உறவைக் கண்டு சொன்ன ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆணுக்கும் இதனால் தொண்டையிலும் குறியிலும் புற்று வரலாம். ஆனால் இந்தியாவில் பெருஞ்சாவு பெண்ணுக்குத்தான். 2022ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீட்டின்படி இங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்று கண்டவர்கள் 1,27,526 பேர். இறந்தவர்கள் 79,906 பேர். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணும் இதில் அடக்கம். கற்பு இங்கே தடுப்பு மருந்தாக வேலை செய்வதில்லை.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்கு இக்கிருமிக்கான தடுப்பூசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. தொடக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு. பொதுவெளியில் இதற்குக் கிடைத்திருக்கும் பெயர் 'புற்றுநோய்த் தடுப்பூசி'. பெயரில் நோய் இருக்கிறது, வழி இல்லை.

இந்த மௌனத்துக்கு நியாயம் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வழியைச் சொன்னால் பழி சிறுமியின் மேல் விழும். "சின்னப் புள்ளைக்கு எதுக்கு இப்பவே இந்த ஊசி?" என்று ஊர் கேட்கும். ஆனால் சொல்லாவிட்டாலும் அதே கேள்வி வருகிறது. பதில்தான் இல்லாமல் போகிறது. பதில் எளிமையானது. இந்த ஊசி வந்த தொற்றைக் குணப்படுத்தாது. கிருமியைச் சந்திப்பதற்கு முன்பே உடம்பில் எதிர்ப்பு உருவாகியிருக்க வேண்டும். அதனால்தான் 9 முதல் 14 வயது. இதைச் சொல்லாத இடத்தில் 'புள்ள பெறாம இருக்கப் போடுற ஊசி' என்கிற வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சொல்லாமல் போட்டதன் விளைவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சோதனைத் திட்டமாக இந்த ஊசி போடப்பட்டது. கம்மத்தில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்கு ஊசி காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஏழையின் உடலில் ஊசி போட அவள் அறிவு தேவையில்லை என்று அதிகாரம் நினைத்ததுதான் அங்கே குற்றம்.

மௌனத்தின் இரண்டாவது விளைவு, ஆண் காணாமல் போவது. ஆஸ்திரேலியா 2013 முதல் பையன்களுக்கும் இந்த ஊசியைப் போடுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோலிலும் கிருமி இருக்கலாம் என்பதால் முழுக் காப்பு அல்ல. இதெல்லாம் ஆண்களிடம் பேச வேண்டிய பேச்சு. தமிழ்நாட்டுச் சுவர்கள் ஒருமுறை அப்படிப் பேசின. 2000களின் தொடக்கத்தில் எங்கு பார்த்தாலும் தெரிந்த புள்ளிராஜா விளம்பரம், எய்ட்ஸ் பற்றிய கேள்வியை ஒரு ஆணை நோக்கித் திருப்பியது. எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கேள்வி போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது, தாய். ஊசி மகளுக்கு, முப்பதைத் தாண்டிய தாய்க்குத் தேவை பரிசோதனை. புற்றுக்குக் காரணமான எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை என்பதால் நாளை மகளுக்கும் அது தேவை. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் மலிவான முறை ஒன்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் 49,311 பெண்கள் இந்தப் பரிசோதனைக்கென ஒதுக்கப்பட்டார்கள். அது மரணத்தை 35 சதவீதம் குறைத்ததென 2007இல் முடிவு வெளியானது. ஆனால் மக்காச்சோளக் காட்டில் களை வெட்டும் பெண்ணுக்குப் பரிசோதனை என்பது ஒருநாள் கூலி இழப்பு. 'அங்க என்ன சீக்கு?' என்கிற பார்வையைத் தாண்டிப் போவதும்கூட.

எனவே பெரம்பலூரிலும் அரியலூரிலும் வீட்டுக்குப் போகும் ஒப்புதல் தாளில் மூன்று வாக்கியங்கள் தமிழில் இருக்க வேண்டும் என்கிறேன். இது உடலுறவால் தொற்றும் கிருமி. இதை ஆணும் சுமக்கிறான், பரப்புகிறான். மகளுக்கு ஊசி போடும் வாரத்திலேயே அம்மாவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாத வீட்டில் செவிலியர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்பனும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.