தீராத சோர்வும் தைராய்டு சுரப்பியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

“தூங்குவதற்கா உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்?” சென்ற ஆண்டு வகுப்பறையில் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அக்கேள்வி நெஞ்சில் தைத்தது. இரவு ஒன்பது மணிக்கே படுத்தாலும் காலையில் எழ முடியவில்லை. மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. “படிக்கப் போனதும் சோம்பல் வந்துவிட்டது” என்றார் பாட்டி. இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது: தைராய்டு குறைபாடு!

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த நாளமில்லாச் சுரப்பியே தைராய்டு. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு அது தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடலின் செல்கள் எவ்வளவு விரைவாக இயங்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இதுவே. இது குறைந்தால், அடுப்பில் விறகிருந்தும் தீ மந்தமாக எரியும் கதைதான். சோர்வு, மறதி, தோல் வறட்சி, குளிர் தாங்காமை ஆகியவை தோன்றும். அப்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாக அனுப்பித் தைராய்டைத் தட்டி எழுப்ப முயலும். இரத்தத்தில் டி.எஸ்.எச். கூடியிருப்பது பெரும்பாலும் தைராய்டு தளர்ந்ததன் அடையாளம்.

1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தி இந்நோய்க்குச் சிகிச்சை அளித்தார். 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்று அதே ஹார்மோன் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டுச் சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது.

மாத்திரை தொடங்கி ஒரு மாதமாகியும் என் சோர்வு நீங்கவில்லை. நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினேன். மருத்துவர் இரண்டு காரணங்களை விளக்கினார். ஒன்று, தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். எனவே அதன் அளவு நிலைபெறச் சில வாரங்கள் பிடிக்கும். 6 முதல் 8 வாரங்கள் கழித்தே மறுபரிசோதனை செய்து மாத்திரையின் அளவைத் திருத்துவார்கள். மற்றொன்று, அம்மா அன்போடு தரும் காபி! அதனுடன்தான் மாத்திரையை விழுங்கி வந்தேன். காபி, மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ உணவோ கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.

டி.எஸ்.எச். சீரான பின்பும் சோர்வு தொடர்ந்தால் இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, தூக்கக் குறைவு, மனக்கவலை ஆகியவற்றையும் ஆராய வேண்டும். தாமாகவே மாத்திரையைக் கூட்டினால் நெஞ்சு படபடக்கும். நாளடைவில் எலும்பும் தேயும்.

நான் கடினமான பாடங்களைக் காலையிலேயே படித்துவிடுகிறேன். மாலையில் சிறிது தூரம் நடக்கிறேன். குறித்த நேரத்தில் உறங்குகிறேன். இப்போது முதல் பாடவேளையில் நன்றாக விழித்திருக்கிறேன். பிற்பகலில் மட்டும் சில நாள் இன்னும் கண் செருகுகிறது.

ஆசிரியப் பெருமக்களே, நண்பர்களே! எப்போதும் சோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன், “இரத்தம் சோதித்துப் பார்த்தாயா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.