சரிவில் ஒரு பழத்தோட்டம்

மலைச்சரிவில் வீடு உள்ளவர்களுக்குக் கொல்லையில் நான்கு பழமரங்கள் வைக்க ஆசை எழுவது இயல்பே. ஆனால் கன்று வாங்குமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: பெய்யும் மழைநீர் இந்நிலத்தில் எவ்வழியே ஓடுகிறது?

கீழ்ப்பழனி மலையில் என் பாட்டனார் மேலிருந்து கீழாக நேர் வரிசையில் எலுமிச்சை வைத்தார். பார்வைக்கு அழகுதான். ஆனால் வரிசைகளுக்கிடையே இறங்கிய நடைபாதை ஐப்பசி மழையில் ஓடையாயிற்று. சில ஆண்டுகளில் மேல்வரிசை மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. அடித்துச் சென்ற மேல்மண்ணை எருவிட்டு ஈடுசெய்ய இயலவில்லை.

சரிவில் மர வரிசைகள் குறுக்காக, ஒரே மட்டத்தில் செல்ல வேண்டும். அம்மட்டத்தைக் காண எளிய கருவி ஒன்று உண்டு. சம நீளமுள்ள இரு கழிகளின் நுனிகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவே குறுக்குக் கழி பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. இரண்டு இடங்களில் கால்களை ஊன்றி, குறுக்குக் கழியில் நூல் படுமிடத்தைக் குறித்துக்கொள்க. கால்களை இடம் மாற்றி ஊன்றி மீண்டும் குறிக்க. இரு குறிகளின் நடுவே நூல் நிற்கும்போதெல்லாம் கால்கள் ஒரே மட்டத்தில் உள்ளன என்பது பொருள். இவ்வாறு ஒரு காலை ஊன்றி மறுகாலை நகர்த்தி, முளையடித்துக்கொண்டே செல்லலாம்.

இடைவெளி மாவுக்கு 10 மீட்டர், சப்போட்டாவுக்கு 8 மீட்டர், கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் 5 முதல் 6 மீட்டர் போதும். இதனைச் சரிவின்மேல் நாடாவைப் படுக்கவைத்து அளக்கலாகாது. நாடாவை மட்டமாகப் பிடித்தே அளக்க வேண்டும். இன்றேல் மரங்கள் நெருங்கிவிடும். மேல்வரிசையின் இரு மரங்களுக்கு இடைப்பட்ட இடத்திற்கு நேர் கீழே அடுத்த வரிசை மரம் அமையட்டும். ஒவ்வொரு கன்றுக்கும் பள்ளப்புறம் பிறை வடிவ வரப்பு போட்டால் நீர் நின்று இறங்கும். வரிசையோரம் வெட்டிவேர் நட்டால் மண் தங்கும்.

மேற்பகுதியில் மண் ஆழமின்றி விரைவில் காயும். அங்கே சீத்தா, கொய்யா தாக்குப்பிடிக்கும். ஈரம் தங்கும் கீழ்ப்பகுதி வாழைக்கு ஏற்றது. எனினும் நீர் தேங்குமிடத்தில் பப்பாளியையோ பலாவையோ வைத்தால் வேர் அழுகும். நடைபாதையும் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்க வேண்டும்.

பாட்டனாரின் தோட்டத்தில் இப்போது முளைகள் குறுக்காக நிற்கின்றன. கன்றுகள் அடுத்த பருவத்தில் வரும். மண்ணைத் தடுக்கும் வேலையை முதலில் தொடங்கிவிட்டோம்.