வருகிறவர் எதை எடுத்துச் செல்வார்?

பெரும்போக அறுவடை முடிந்த நாட்களில், மன்னார்ப் பகுதியில் மீள்குடியேறிய குடும்பமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எம்மிடம் வந்தார். தமக்கென ஓர் இணையத்தளம் தொடங்கப் போவதாகவும், அதில் எவற்றைச் சேர்க்கலாம் எனக் கூறுமாறும் கேட்டார். அவர் கொப்பியில் எழுதி வந்த பட்டியலில் தமது படங்கள், கவிதைகள், பிடித்த பாடல்கள் என்பன இருந்தன. விறாந்தையில் அமர்ந்திருந்த வயோதிபத் தாய் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லம் தம்பி. ஆனா பாக்க வாற சனம் என்னத்தைக் கொண்டு வீட்டை போறது?" என்றார். இளைஞர் கொப்பியை மூடிவிட்டார்.

எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அவருக்கு என்ன வேண்டுமென்று இயேசு முதலில் கேட்டார். பிறருக்குப் பணி செய்ய முனைவோர் யாவருக்கும் இது பாடமாகும். எனவே, அத்தளத்திற்கு யார் வருவார் என்பதையே நாம் முதலில் ஆராய்ந்தோம். காணிக்கும் நட்டஈட்டுக்கும் அலையும் விவசாயி ஒருவர். பாட்டனின் வயல் எங்கே எனத் தேடும், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளை மற்றவர். இவர்களை மனதிற்கொண்டு மூன்று விடயங்களைத் தீர்மானித்தோம்.

முதலாவது, கேட்டறியும் வழி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, காரணம் எதுவும் கூறாமலே பிரஜை ஒருவர் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கொடுத்த விண்ணப்பம் என்னவாயிற்று என அறிய இது உதவும். விண்ணப்பம் எழுதும் முறையை எளிய தமிழில் தருவதோடு, அரச தகவல் நிலையத்தின் 1919, விவசாய ஆலோசனைக்கான 1920 ஆகிய தொலைபேசி இலக்கங்களையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, கமச் செய்தி. குளத்து நீர் எத்தனை ஏக்கருக்கு, எந்த நாளில் திறக்கப்படும் எனப் போகக் கூட்டத்தில் எடுத்த முடிவுகளும், நீர் குறைந்த காலத்துக்கேற்ற பீ.ஜீ. 300 போன்ற 3 மாத நெல்லினங்கள் பற்றிய விபரமும் இதிலடங்கும்.

மூன்றாவது, ஊர் நினைவு. வயல்வெளிகளினதும் சிறு குளங்களினதும் பெயர்களை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லை விதைத்தவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு செய்தியிலும் எழுதிய திகதி இருப்பது அவசியம். இடம்பெயர்வினால் உரிமை கோர முடியாதிருந்தோருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணிக்கப்படலாகாது என 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் கூறியது. ஆனால், அதன்கீழ் வழக்குத் தொடர 2 வருட அவகாசமே இருந்தது. திகதியில்லாத பழைய குறிப்பை இன்று வாசிக்கும் ஏழை விவசாயி, கடன்பட்டுப் பஸ் ஏறி வீணே அலைவார். திகதியில்லாத உண்மையும் மனிதரை ஏமாற்றக் கூடும்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. பிறரின் உறுதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், நிவாரண வரிசையில் நிற்கும் பெண்களின் படம், காணாமற்போனோர் பற்றி அவர்தம் குடும்பத்தார் சம்மதியாத விபரம் என்பவற்றைத் தவிர்க்க வேண்டும். எமது மக்களின் துயரம் காட்சிப் பொருளல்ல.

டிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் அமைத்த உலகின் முதல் இணையத்தளத்தில் படங்களே இல்லை. அது என்ன, எவ்வாறு பயன்படுத்துவது என்பவற்றையே அது வருவோருக்கு எழுத்தில் விளக்கியது. கைத்தொலைபேசிக்குச் சிறுதொகைக்கு டேட்டா போடும் எமது மக்களுக்கும் பாரமற்ற பக்கமே உகந்தது. அதை அச்சிட்டு ஆலய வாசலிலும் கமநல சேவை நிலையத்திலும் தொங்கவிட்டால், தொலைபேசி இல்லாதவரும் வாசிப்பர்.

இளைஞர் தமது படத்தில் ஒன்றையும், குளம் பற்றிய கவிதையையும் வைத்துக்கொண்டார். அதுவும் நல்லதே, பேசுபவர் யாரென அறிந்தால்தான் கேட்பவர் நம்புவார். உங்கள் பிள்ளைகளும் இத்தகைய முயற்சியில் இறங்கினால், தொடங்குமுன் அயலவர் மூவரிடம் சென்று, அவர்களுக்கு என்ன தேவை எனக் கேட்கச் சொல்லுங்கள்.