கொமிஷன் கணக்கு

கண்டி மலைகளில் இவ்வளவு தேயிலை போட்ட பிரித்தானியர், இங்கே ஏன் பெரிய கைத்தொழில்களை வளர்க்கவில்லை? நம் நாட்டுப் பொருளியலாளர் எஸ்.பி.டி. டி சில்வா 1982இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் இதை விளக்குகிறார்.

தோட்டங்களின் பிடி கொழும்பு ஏஜென்சிக் கம்பனிகளிடம் இருந்தது. தோட்டத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தாலும் கொமிஷன், தேயிலையை விற்றுக் கொடுத்தாலும் கொமிஷன். தோட்டம் நட்டப்பட்டாலும் அவர்கள் பங்கு வந்துவிடும். கூலியும் மலிவு. பிறகு உற்பத்தி முறையைத் திருத்த யாருக்கு அவசரம்? வியாபாரப் பணம் வியாபாரத்திலேயே சுற்றியது என்கிறார்.

வாசித்தபோது எனக்கே சுட்டது. புறக்கோட்டையில் துணி எடுத்து கண்டியில் விற்றுச் சம்பாதித்ததில் இன்னொரு கடைதான் வாங்கினேன். மேல்மாடியில் நாலு தையல் மெஷின் போடுவோம் என்கிறான் மகன். கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.