போடியிலிருந்து ஒரு கோடிங் தேர்வு

ஏலக்காய் ஏலமே கணினித் திரையில் நடக்கும் ஊர் போடிநாயக்கனூர். அரசு பொறியியல் கல்லூரியும் இங்கே உண்டு. ஐ.டி. வேலைக்கான முதல் சுற்றை மலைச்சரிவுத் தோட்டத்து வீட்டிலிருந்தே எழுதிவிடலாம், சிக்னல் கிடைத்தால்.

அந்தச் சுற்று பல நேரம் ஹேக்கர்ரேங்க் போன்ற தளத்தில் நடக்கும். அதைத் தொடங்கிய விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி இருவரும் திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள். எழுதிய நிரலை, மறைத்துவைத்த டெஸ்ட் கேஸ்களைக் கொண்டு தளமே திருத்தும். மாதிரிக் கணக்குக்கு விடை சரியாக வரும். காலிப் பட்டியலைக் கொடுத்தால் நிரல் படுத்துவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்து வீடியோ நேர்காணல். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். சில இடங்களில் வெள்ளைப் பலகை. ஹோம்புரூ மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல், பலகையில் பைனரி மரத்தைத் திருப்பிப் போடத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015-ல் ட்விட்டரில் பொருமினார். ஸோஹோவில் சிறு செயலி ஒன்றையே செய்யச் சொல்லும் சுற்று பேர்போனது. நியாயமான சோதனை அதுதான்.

விலையுயர்ந்த லேப்டாப் வேண்டாம். பிரவுசர் திணறாமல் ஓடினால் போதும். வெப்கேம், வயர் வைத்த ஹெட்போன், மோடத்துக்குச் சின்ன யூ.பி.எஸ்., வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு போன். மழைக்காலத்தில் கடைசி இரண்டும் கட்டாயம்.