பன்றிக்கு எந்தத் துவக்கு?

கடந்த மாதம் தலவாக்கலையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்துக்குப் பின்னால், ஓடைக்கரையில், அவர் கொஞ்சம் உருளைக்கிழங்கும் கரட்டும் போட்டிருக்கிறார். நான் போவதற்கு இரண்டு இரவுகளுக்கு முன் பன்றிகள் இறங்கியிருந்தன. மண்வெட்டியால் புரட்டிப் போட்டதுபோல் கிழங்குப் பாத்தி முழுவதும் கிளறிக் கிடந்தது.

மாமா தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். அமெரிக்காவில் ஒருவர் பனித்தரையில் படுத்துக்கொண்டு, வெகுதூரத்தில் நிற்கும் கொயோட்டி ஒன்றை ஒரே வெடியில் விழுத்துகிறார்.

“தம்பி, நீ படிச்சவன். இந்த மாதிரி துவக்கும் கண்ணாடியும் நம்ம பக்கம் எடுக்கலாமா? எதை எடுத்தா பன்றிக்குச் சரி வரும்?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சத்தத்தை வைத்தே துப்பாக்கியின் ரகம் சொல்லக்கூடியவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். ஆனால் தன் பயிரைக் காக்க ஒரு துப்பாக்கியைத் தானே தெரிவு செய்யும் நிலையில் நம்மில் மிகச் சிலரே இருந்திருப்போம்.

அந்தக் காணொளியில் இருப்பது என்ன?

கொயோட்டி நம் நரிக்கு உறவு. எடை 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். வெட்டவெளியில் நடமாடும், மனித வாடை பட்டால் ஓடிவிடும். அதனால் 200, 300 மீற்றர் தூரத்திலிருந்து சுட வேண்டியிருக்கிறது. அதற்கு அவர்கள் விரும்பி எடுப்பது பொயின்ட் 223 ரக ரைபிள். 5.7 மில்லிமீற்றர் விட்டமும் ஏறக்குறைய மூன்றரை கிராம் எடையும் கொண்ட சிறிய ரவை, விநாடிக்கு 900 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் போகும். வேகம் கூடுதலாக இருப்பதால், அந்தத் தூரம் வரை அதன் பாதை அதிகம் தாழாது.

மேலே பூட்டியிருக்கும் தொலைநோக்கியில் ‘3-9x40’ என்று எழுதியிருந்தால், உருவத்தை 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீற்றர் என்று பொருள். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4. அதாவது 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 4.4 மில்லிமீற்றர்தான். 4 மடங்கில் வைத்தால் அது 10 மில்லிமீற்றர். இருட்டில் மனிதரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரை விரியும். வயது போகப் போக அந்த அளவு குறையும். ஆகவே மங்கிய வெளிச்சத்தில் பெருக்கத்தைக் கூட்டினால் காட்சி இன்னும் மங்கும். விலை கூடிய கண்ணாடி வாங்கியும் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் குறைபடுவதற்கு இது ஒரு காரணம்.

நம் மலைக்கு அது ஏன் சரிவராது?

தலவாக்கலையில் பன்றி இரவில் வருகிறது. பல இரவுகளில் பனிமூட்டம் இருக்கும். தொலைநோக்கி பன்றியைப் பெரிதாக்கும்போது மூட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். உடல் சூட்டைக் காட்டும் வெப்பக் கருவிகள்கூட அடர்ந்த மூட்டத்தில் தடுமாறும்.

அதைவிடப் பெரிய சிக்கல், தவறிய ரவை எங்கே போகும் என்பது. ரைபிள் ரவை கிலோமீற்றர் கணக்கில் பயணிக்கும். சிறியது என்று நினைக்கும் பொயின்ட் 22 ரவைகூட ஒரு மைலுக்கு அப்பாலும் ஆபத்தானது. நம் மலைச்சரிவில் ஒரு மைலுக்குள் எத்தனை லயம், எத்தனை தகரக்கூரை, எத்தனை குறுக்குப்பாதை!

மாமாவின் பாத்திக்கும் அவர் காவல் இருக்கும் குடிலுக்கும் இடையே 30 மீற்றர்கூட இல்லை. இந்தத் தூரத்துக்கு உரியது 12 போர் துப்பாக்கி. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக உருட்டினால், அதில் ஒரு குண்டு எந்தக் குழாய்க்குள் பொருந்துமோ அந்த அளவுதான் 12 போர், ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு ஒன்பது பெரிய குண்டுகள் இருக்கும். அவை 35 மீற்றர் வரை நெருக்கமாகப் போகும். அதற்கப்பால் சிதறி, பன்றியைக் கொல்லாமல் காயப்படுத்தும். காயப்பட்ட பன்றி தேயிலைக்குள் புகுந்து படுத்தால், விடிந்ததும் அதன் முன்னால் போய் நிற்பது கொழுந்து எடுக்கும் பெண்கள்தான். இந்தத் தூரத்துக்குத் தொலைநோக்கி தேவையில்லை. குழாய் முனையிலுள்ள சிறு மணியே போதும். பன்றிக்குப் பின்னால் மண்திட்டு இருக்கிறதா, சுடுவது பன்றியைத்தானா என்று உறுதி செய்யாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது.

ஆக, கருவியைப் பற்றிய கேள்விக்குப் பதில் எளிது: ரைபிளும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், 12 போர் போதும்.

சட்டம் கேட்கும் முதல் கேள்வி

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதற்கான அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதி மாவட்டச் செயலகத்தின் வழியாகக் கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் எந்தக் காணியில் எந்தப் பயிரைக் காக்கப் போகிறார் என்று காட்ட வேண்டும்.

மாமா இங்கேதான் நின்றுவிடுகிறார். ஓடைக்கரை தோட்டத்துக்குச் சொந்தம். லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் அவர் பெயரில் ஒரு உறுதி கிடையாது. வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்களுக்கும் அது வீட்டுக்குத்தான் காணும். கிழங்குப் பாத்திக்கு அல்ல.

இந்த மலையில் துப்பாக்கியும் காணியும் எப்போதும் ஒரே கையில்தான் இருந்திருக்கின்றன. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், தன் வேட்டைகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். துரைமாருக்கு வேட்டை பொழுதுபோக்கு. நம்மவர் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தி. 1977 மே மாதம், தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி சுவீகரிக்கப்படுவதை எதிர்த்தவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். துவக்கு என்றதும் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவில் வருவது அதுதான்.

கண் இல்லாத ஆயுதம்

துவக்கு கிடைக்காதவர் கம்பிக் கண்ணிக்குப் போகிறார். சிலர் கட்டுத்துவக்குக்கும் போகிறார்கள். இரண்டுக்கும் கண் கிடையாது. கால் வைப்பது பன்றியா, நாயா, பிள்ளையா என்று அவற்றுக்குத் தெரியாது. வன்னியிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கண்ணிவெடி என்ற சொல்லிலேயே அந்தக் கண்ணி இருக்கிறது.

2020 மே 26 அன்று நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் கழுத்து இறுகிக் கிடந்தது. அதை உடவளவைக்குக் கொண்டுபோய் மருத்துவம் பார்த்தும் மூன்று நாளில் இறந்துவிட்டது. இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கல்ல. ஆனால் பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை சிக்கினால், கம்பி வைத்தவர் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றவாளி. அதன்பின் சிறுத்தைக்காகப் பேச நாடே திரள்கிறது. கிழங்கைப் பறிகொடுத்தவருக்காகப் பேச யாரும் வருவதில்லை.

மாமாவுக்குச் சொன்னது

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். உறுதி இல்லாதவரை துவக்கு இல்லை. தோட்ட நிர்வாகத்திடம் ஊராகச் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். பாத்திகளை ஒன்றாக வளைத்து வேலி போடலாம்; முறை வைத்துக் காவல் இருக்கலாம். கம்பியில் ஏதாவது உயிரோடு மாட்டினால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

மாமா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேலியோரம் போனார். அங்கே பற்றைக்குள் புதுக் கம்பி ஒன்று சுருக்கிட்டுக் கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தால்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இறங்குகிறார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அதை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“சரி தம்பி, இதக் கழட்டியாச்சு,” என்றார். “அப்ப இன்னைக்கு ராத்திரி காவலுக்கு ஆரு இருக்கிறது?”

அன்றிரவு நானும் அவரோடு குடிலில் இருந்தேன். மறுநாள் நான் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். அவருக்கு அறுவடைக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.