படிகத்துக்குள் ஒரு பண்டமாற்று

கைப்பேசியில் நாம் அனுப்பும் செய்தி மின் சமிக்ஞையாகப் பிறந்து, கடலடி ஒளியிழைகளில் ஒளியாகப் பயணம் செய்கிறது. மின்சாரத்தின் மொழியை ஒளியின் மொழியாக மாற்றும் பணியில் நெடுங்காலமாகத் துணைநிற்பது லித்தியம் நியோபேட் என்னும் படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் இதன் ஒளிவிலகல் எண் சற்றே மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டே ஒளியில் செய்தி பதிக்கப்படுகிறது.

ஆனால், படிகத்துக்குள் நுழைந்த ஒளி விரிந்து பரவாமல் ஒரே தடத்தில் செல்ல வேண்டும். கரையில்லாத நீர் வாய்க்காலாகாது. சுற்றுப்புறத்தைவிட ஒளிவிலகல் எண் மிகுந்த தடம் ஒன்றை அமைத்துவிட்டால், முழு அக எதிரொளிப்பினால் ஒளி அதற்குள்ளேயே அடங்கி ஓடும். இதுவே அலைவழி.

இதை அமைக்க அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேக்கல், ரைஸ், வெசெல்கா ஆகியோர் 1982-இல் வெளியிட்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. படிகத்தின்மேல் உலோகப் படலம் பூசி, தடம் வேண்டிய இடத்தை மட்டும் சில மைக்ரோமீட்டர் அகலத்துக்குத் திறந்துவிட்டு, சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிய பென்சாயிக் அமிலத்தில் அமிழ்த்துவர். ஊறுகாய் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் இந்த அமிலத்தின் உப்புதான். படிகத்திலிருந்து லித்தியம் அயனிகள் வெளியேற, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அவ்விடங்களில் குடியேறும். ஒன்றுக்கு ஒன்று என்னும் பண்டமாற்று இது. விளைவாக, படிகத்தின் ஓர் அச்சுத் திசையில் அதிரும் ஒளிக்கு, ஏறத்தாழ 2.2 ஆக இருந்த ஒளிவிலகல் எண் 0.12 அளவுக்கு உயர்கிறது.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பவை இரண்டு. முதலாவது, குறைந்து செல் விளைவு. தடத்தின் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. இரு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆதாயத்துக்குள் மறைந்திருந்த இழப்பு. ஹைட்ரஜன் அயனிகள் மேற்பரப்பருகே நெருக்கமாகக் குவிந்தபோது, மின்னழுத்தத்துக்கு இசைந்து மாறும் படிகத்தின் இயல்பே பெரிதும் குன்றியது. எதற்காகத் தடம் அமைத்தார்களோ, அதுவே பறிபோனது. பின்வந்த ஆய்வுகள் தீர்வு கண்டன. 300 முதல் 400 டிகிரி வரை சூடாக்கிப் பதப்படுத்தினால், அயனிகள் ஆழத்துக்குப் பரவி நெரிசல் குறையும். இழந்த இயல்பு பெருமளவு மீளும். இத்தகைய தடங்கள் இன்று விமானங்களின் திசையறியும் ஒளியிழைக் கொட்புக் கருவிகளிலும் பயன்படுகின்றன.

குறைகடத்தித் தொழிலை வளர்க்க 2021-இல் ரூ.76,000 கோடி திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், ஆலைகளைப் பணத்தால் எழுப்பிவிடலாம். ஒரு முறையின் குறையைக் கண்டு, ஆண்டுக்கணக்கில் அதைச் சீராக்கும் ஆய்வாளர்களை அவ்வாறு உருவாக்க இயலாது. ஓர் உலையும் ஓர் அமிலமும் கொண்டு இத்துறையின் அடிப்படையை நம் கல்லூரி ஆய்வகங்களிலேயே கற்பிக்கத் தொடங்கலாம். உடனடிப் பயனை மட்டும் கேட்கும் நிதி ஒதுக்கீட்டில் இத்தகைய பொறுமைக்கு இடமிருக்காது. நான்கு மடங்கு காத்திருந்தால்தான் இரு மடங்கு ஆழம் என்பதைத் திட்டமிடுவோர் உணர வேண்டும்.